தூசியின் உச்சி எங்கே?

அரியலூர்ப் பக்கம் சென்று வந்தவர்கள் இரண்டு காட்சிகளை மறக்க மாட்டார்கள். ஒன்று, சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வரிசையாகச் செல்லும் லாரிகள். மற்றொன்று, தொலைவில் உயர்ந்து நிற்கும் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கடலடியில் படிந்த வண்டலும் இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. அந்தக் கல்லைத் தேடித்தான் ஆலைகள் இங்கு வந்தன. 1979 இல் தமிழக அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் எழுந்தன. 1995 இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டமும், 2007 இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டமும் தனித்தனியே பிரிந்தன. ஆனால் காற்றுக்கும் தூசிக்கும் மாவட்ட எல்லை தெரியாது.

கல்லை வெடி வைத்துப் பெயர்த்தால் தூசி எழும், அரைத்தால் எழும், சூளையில் சுட்டாலும் எழும். இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்து வைக்க ஆலைகளில் வடிகட்டிப் பைகளும் மின்நிலைத் தூசி பிடிப்பான்களும் உள்ளன. தப்பிச் செல்வதைக் காற்று கொண்டு போகிறது. அது எந்த ஊரில் மிகுதியாக இறங்குகிறது? இதுதான் நம் கேள்வி.

கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. சுற்றிலும் முப்பது ஊர்கள் இருந்தாலும் கருவி வைக்க முடிவது பத்துப் பன்னிரண்டு இடங்களில்தான். அந்தப் பன்னிரண்டில் எது மிகுந்த அளவைக் காட்டுகிறதோ அதுவே உச்சி என்று சொல்லிவிடலாமா? கூடாது. உண்மையான உச்சி, கருவி வைக்காத ஓர் ஊரில் இருக்கலாம். சிதறிக் கிடக்கும் சில அளவீடுகளைக் கொண்டு, அளக்காத இடத்தின் நிலையைச் சொல்வதற்கு ஒரு கணித வழி உண்டு. அளவீடுகளின் மேல் ஒரு மணி வடிவப் பரப்பைப் பொருத்திப் பார்ப்பதே அந்த வழி. இன்று அதைக் கணிப்பொறி நொடியில் செய்து தருகிறது. ஆனால் அது என்ன செய்கிறது, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதை அறிந்த பிறகே அதன் விடையை நம்ப வேண்டும்.

மணி வடிவம் ஏன் வருகிறது?

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய வெள்ளைத் துணி ஒன்றில் ஒரு செ.மீ. அளவில் சதுரக் கட்டங்கள் வரைந்து, துணியை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாற்காலி மேல் ஏறி நின்று, ஒரு புனல் வழியாகக் கேழ்வரகைச் சிறிது சிறிதாகத் துணியின் நடுவில் விழவிடுங்கள். தானியம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை தானியம் என்று எண்ணி எழுதுங்கள். நடுக்கட்டங்களில் மிகுதியாகவும், விலக விலகக் குறைந்தும், ஓரங்களில் ஒன்றிரண்டாகவும் இருக்கும். எண்ணிக்கைக்கு ஏற்ற உயரத்தில் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு குச்சியை நட்டால், குச்சிகளின் நுனிகள் கவிழ்த்து வைத்த மணியைப் போன்ற ஒரு குன்றாகத் தெரியும்.

காரணம் இதுதான். விழும் ஒவ்வொரு தானியமும் புனலின் விளிம்பிலும், பக்கத்துத் தானியத்திலும், காற்றிலும் பல சிறு இடிகளை வாங்குகிறது. ஓர் இடி இடப்பக்கம் தள்ளினால் மற்றொன்று வலப்பக்கம் தள்ளும். பெரும்பாலானவற்றுக்கு இடிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அவை நடுவில் விழும். எல்லா இடியும் ஒரே பக்கமாக வாய்ப்பது அரிது. ஆகவே தொலைவில் விழுபவை சிலவே. காற்றிலுள்ள சுழிப்புகளால் அலைக்கழிக்கப்படும் தூசித் துகளுக்கும் இதே கதிதான்.

இந்தக் குன்றுக்கு ஜெர்மானியக் கணித மேதை காஸின் பெயர் வழங்குகிறது. இயற்பியல் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க: மின்னியல் பாடத்தில் வரும் காஸ் பரப்பு வேறு, இது வேறு. குழப்பம் நேராதிருக்க இதனைக் 'காஸ் குன்று' என்றே அழைப்போம்.

காஸ் குன்றின் சரிவுக்குத் திட்டமான விதி உண்டு. குன்றின் 'அகலம்' என்று ஒரு நீளத்தைக் குறித்துக் கொள்வோம். புள்ளியியலில் இதனைத் திட்ட விலக்கம் என்பர். உச்சியிலிருந்து ஓர் அகலத் தொலைவு சென்றால் உயரம் 61 விழுக்காடாகக் குறையும். இரண்டு அகலத் தொலைவில் 14 விழுக்காடு. மூன்று அகலத் தொலைவில் ஒரு விழுக்காடே மிஞ்சும்.

மூன்று அளவீடும் ஒரு மடக்கையும்

காற்றில் மிதக்கும் தூசியை எப்படி அளக்கிறார்கள்? ஒரு மின்விசைக் கருவி 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி, ஒரு வடிதாள் வழியாகச் செலுத்துகிறது. தாளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கிறார்கள். எடை 128 மில்லிகிராம் கூடியிருந்து, உறிஞ்சிய காற்று 1600 கனமீட்டர் என்றால், ஒரு கனமீட்டரில் 80 மைக்ரோகிராம் தூசி என்று பொருள். இதையே செறிவு என்கிறோம். கீழே வரும் எண்களெல்லாம் கணக்கை விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. எந்த ஆலையைச் சுற்றியும் அளந்தவை அல்ல.

காற்றின் போக்குக்குக் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு கி.மீ. இடைவெளியில் மூன்று கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். மேற்குக் கருவி 30, நடுக்கருவி 74, கிழக்குக் கருவி 67 மைக்ரோகிராம் காட்டுகின்றன. உச்சி எங்கே?

இங்கே ஒரு தந்திரம் உதவுகிறது. காஸ் குன்றின் உயரத்துக்கு இயல் மடக்கை எடுத்தால் மணி வடிவம் மறைந்து, நமக்குப் பள்ளியிலேயே அறிமுகமான பரவளையம் வந்துவிடும். மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையத்தை வரைவது எளிய கணக்கு. 30, 74, 67 ஆகியவற்றின் இயல் மடக்கைகள் முறையே 3.401, 4.304, 4.205.

இரு ஓரங்களின் சராசரி 3.803. இதிலிருந்து நடுமதிப்பைக் கழித்தால் −0.501. இது பரவளையத்தின் வளைவு. ஓரங்களின் வேறுபாட்டில் பாதி 0.402. இது அதன் சாய்வு. சாய்வை வளைவின் இருமடங்கால் வகுத்துக் குறியை மாற்றினால் உச்சியின் இடம் கிடைக்கும்: 0.402 ÷ 1.002 = 0.40. அதாவது, நடுக்கருவிக்குக் கிழக்கே 400 மீட்டரில் உச்சி இருக்கிறது. வளைவின் இருமடங்கைத் தலைகீழாக்கி வர்க்கமூலம் கண்டால் அகலம் 1.0 கி.மீ. உச்சியின் உயரம் 80 மைக்ரோகிராம். எந்தக் கருவியும் 80 காட்டவில்லை; உச்சியில் எந்தக் கருவியும் இல்லை. ஆயினும் கணக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். ஆலையே இல்லாவிட்டாலும் காற்றில் தூசி இருக்கும். உழுத நிலம், மண் சாலை, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து எங்கும் ஒரே அளவில் பரப்பி வைத்திருப்பது பின்னணி அளவு. மேலே கண்ட மூன்று எண்களும் பின்னணியைக் கழித்த பிறகு கிடைத்தவை என்று கொள்ளுங்கள். பின்னணி 40 என்றால், கருவிகள் உண்மையில் காட்டியவை 70, 114, 107. இவற்றைக் கழிக்காமல் அப்படியே மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் அகலம் 1.35 கி.மீ. என்று வரும். உண்மை 1.0, விடை 1.35. குன்று நிற்கும் தரையின் மட்டத்தை மறந்ததால் குன்றே ஊதிப் போய்விட்டது. மாணவர்கள் இந்த மூன்று கணக்கையும் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு கோட்டிலிருந்து நிலப்பரப்புக்கு

ஊர்கள் ஒரே கோட்டில் அமைந்திருப்பதில்லை. ஆகவே கிழக்குத் தொலைவு, வடக்குத் தொலைவு என்று இரண்டு அளவுகள் வேண்டும். முன்னதைக் 'கி' என்றும் பின்னதை 'வ' என்றும் குறிப்போம். இப்போது செறிவின் மடக்கை இப்படி அமையும்:

க1 + க2 × கி + க3 × வ + க4 × கி² + க5 × கி × வ + க6 × வ²

ஆறு கெழுக்கள். இவற்றிலிருந்து குன்றைப் பற்றிய ஆறு செய்திகள் கிடைக்கும்: உச்சியின் உயரம், உச்சியின் கிழக்கு இடம், வடக்கு இடம், நீளவாட்டு அகலம், குறுக்குவாட்டு அகலம், குன்று எந்தத் திசையில் சாய்வாகக் கிடக்கிறது என்னும் கோணம். பின்னணியையும் சேர்த்தால் ஏழு.

கடைசியாகச் சொன்ன கோணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குன்றின் சம உயரப் புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தால் அவை நீள்வட்டங்களாக இருக்கும். இதை அளவீடுகளிலிருந்தே கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒரு கட்டத் தாளில் எண்ணிக்கைகளாக எழுதி, சம எண்களை இணைத்தபோது நீள்வட்டங்கள் தோன்றின. 1886 இல் அதனை வெளியிட்டார். அவருடைய நீள்வட்டங்களும் தாளின் ஓரத்துக்கு இணையாக இல்லாமல் சாய்ந்தே இருந்தன. அரியலூரிலும் காற்று திசைகாட்டிக்குக் கட்டுப்பட்டு வீசுவதில்லை. தென்மேற்கிலிருந்து வீசும்போது தூசிக் குன்றும் வடகிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கும். மேலே உள்ள கோவையில் 'கி × வ' என்னும் உறுப்புத்தான் அந்தச் சாய்வைத் தாங்குகிறது. அதை நீக்கிவிட்டால், சாய்ந்த குன்றைக் கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ நிமிர்த்தி வைத்துவிடுவோம்; பக்கத்து ஊர்களுக்கான விடைகள் தவறிப் போகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. க4, க6 இரண்டும் எதிர்க்குறி பெற்றிருக்க வேண்டும். அவற்றின் பெருக்கலை நான்கு மடங்காக்கினால் க5 இன் வர்க்கத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். இல்லையெனில் கிடைத்திருப்பது குன்று அன்று. குதிரைச் சேணம் போல ஒரு திசையில் கீழிறங்கி மறு திசையில் மேலேறும் பரப்பு. அதற்கு உச்சியே கிடையாது.

இதே கணக்கு வானியலிலும் பயன்படுகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வரும் வைணு பாப்பு வானாய்வகத்தைப் பலர் அறிவீர்கள். புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன், காற்று மண்டலத்தின் நடுக்கத்தால் படத்தில் ஒரு சிறு ஒளிக்குன்றாகப் பரவிவிடுகிறது. அந்தக் குன்றுக்குக் காஸ் குன்றைப் பொருத்தி, விண்மீனின் இடத்தைப் படக்கட்டத்தின் ஒரு சிறு பின்னம் வரை துல்லியமாகக் காண்பது வானியலில் வழக்கமான முறை.

கணிப்பொறி செய்வது என்ன?

மூன்று கெழுக்களுக்கு மூன்று அளவீடுகள் இருந்தால் பரவளையம் எல்லாப் புள்ளிகள் வழியேயும் கச்சிதமாகச் செல்லும். உண்மையில் அளவீடுகள் மிகுதியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு பிழையும் இருக்கும். எந்தக் குன்றும் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லாது. ஒவ்வோர் இடத்திலும் அளந்த மதிப்புக்கும் குன்றின் உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டை 'மீதி' என்போம். எல்லா மீதிகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் குன்றுக்கு மிகக் குறைவோ, அதுவே சிறந்த பொருத்தம். இதுவே மீச்சிறு வர்க்க முறை.

இம்முறையின் வலிமையை உலகம் கண்டது வானத்தில்தான். 1801 சனவரி முதல் நாள் பியாத்சி என்ற இத்தாலிய வானியலார் சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டார். ஆறு வாரங்களுக்குள் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. அவர் விட்டுச் சென்ற சில அளவீடுகளைக் கொண்டு, 24 வயதே ஆன காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டார். அவ்வாண்டின் கடைசி நாளில், அவர் குறித்த இடத்துக்கு அருகிலேயே சீரிஸ் மீண்டும் அகப்பட்டது. மீச்சிறு வர்க்க முறையை முதலில் அச்சில் வெளியிட்டவர் பிரான்சின் லெஜாண்டர், ஆண்டு 1805. பிழைகளின் மணி வடிவத்தோடு அதனை இணைத்துக் காஸ் 1809 இல் வெளியிட்டார். மணி வளைகோடும் மீச்சிறு வர்க்கமும் அன்று முதல் கூட்டாளிகள்.

பின்னணி முன்கூட்டியே தெரிந்து கழிக்கப்பட்டுவிட்டால், மடக்கை வழியே போதும். எக்செல், லிப்ரே ஆபீஸ் போன்ற அட்டவணை மென்பொருள்களில் உள்ள 'லினெஸ்ட்' என்னும் கட்டளை ஆறு கெழுக்களையும் ஒரே வீச்சில் தந்துவிடும். இதில் ஒரு பொல்லாப்பு உண்டு. 80 என்ற அளவீட்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதன் மடக்கை 0.0125 அளவே மாறும். ஆனால் ஓரத்தில் உள்ள 2 என்ற அளவீடு அதே பிழையால் 1 ஆகவோ 3 ஆகவோ மாறினால் மடக்கை 0 விலிருந்து 1.1 வரை தாவும். நம்பத் தகாத ஓர அளவீடுகள் குன்றையே இழுத்துச் சாய்த்துவிடும். இதற்கு மாற்று, ஒவ்வொரு வரிசையையும், மாறிலிக்குரிய 1 உட்பட, அதன் அளவீட்டாலேயே பெருக்கிவிடுவது. பெரிய அளவீட்டின் பேச்சு அப்போது உரக்கக் கேட்கும். சிறியதன் பேச்சு அடங்கிவிடும்.

பின்னணியும் தெரியாதபோது மடக்கைத் தந்திரம் பலிக்காது. ஏழு எண்களையும் படிப்படியாகத் தேட வேண்டும். இருட்டு வேளையில் பச்சைமலையிலிருந்து இறங்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு. காலடியைச் சுற்றி நாலடி தூரம்தான் தெரியும். சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து ஓர் எட்டு வைக்கிறார். பாதை சீராக இருந்தால் நீட்டி நடக்கிறார். கால் இடறினால் எட்டைக் குறைத்துக்கொள்கிறார். மீதிகளின் வர்க்கத் தொகை என்னும் மலையில் கணிப்பொறி இறங்குவதும் இவ்வாறுதான். எட்டை நீட்டுவதற்கும் குறைப்பதற்கும் உரிய விதியை 1944 இல் லெவன்பர்க்கும் 1963 இல் மார்க்வார்ட்டும் வகுத்தனர். பைத்தான் மொழியில் உள்ள 'சைபை' தொகுப்பு, ஆக்டேவ், நியூபிளாட் ஆகிய விலையில்லா மென்பொருள்களில் இவ்வகைத் தேடலுக்கு வசதி உண்டு.

இறங்கத் தொடங்கும் இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும். தவறான இடத்தில் விட்டால் ஏதாவது ஒரு சிறு பள்ளத்தில் போய் நின்றுகொண்டு, 'இதுவே அடிவாரம்' என்று கணிப்பொறி அறிவித்துவிடும். மிகக் குறைந்த அளவீட்டைப் பின்னணியாகவும், மிகுந்த அளவீடு கிடைத்த இடத்தை உச்சியாகவும் கொடுங்கள். உச்சியிலிருந்து உயரம் பாதியாகும் வரையுள்ள தொலைவை 1.18 ஆல் வகுத்து அகலமாகக் கொடுங்கள். இந்தத் தொடக்கம் பெரும்பாலும் போதும். இரண்டு மூன்று வேறு தொடக்கங்கள் கொடுத்து, ஒரே விடை வருகிறதா என்றும் பாருங்கள்.

மீதி சொல்லும் கதை

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையின் சாரம். எந்த அளவீடுகளைக் கொடுத்தாலும் கணிப்பொறி ஒரு குன்றைப் பொருத்த முயலும். அங்கே குன்று இருக்கிறதா இல்லையா என்று அது கேட்காது.

அரியலூர்ப் பகுதியில் சூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையிலிருந்து வீசும். ஆகவே ஓர் ஆலையின் புகைபோக்கித் தூசி பாதி ஆண்டு வடகிழக்கிலும் பாதி ஆண்டு தென்மேற்கிலும் இறங்கும். மேலும், உயரமான புகைபோக்கியின் புகை அதன் காலடியிலேயே இறங்காது. அடிவாரத்தில் குறைவாகவும், சிறிது தொலைவில் மிகுதியாகவும், பிறகு மெல்ல மெல்லக் குறைந்தும் காணப்படும். ஆண்டுச் சராசரி எடுத்தால் ஆலையின் இரு பக்கமும் இரண்டு குன்றுகள், நடுவில் பள்ளம்.

ஆலைக்குத் தென்மேற்கே 6 கி.மீ. தொடங்கி வடகிழக்கே 6 கி.மீ. வரை, ஒரு கி.மீ. இடைவெளியில் 13 கருவிகள் வைத்து, பின்னணியைக் கழித்த ஆண்டுச் சராசரி இப்படிக் கிடைத்ததாகக் கொள்வோம்:

2, 8, 30, 50, 30, 8, 2, 8, 30, 50, 30, 8, 2

இரண்டு குன்றுகள் இருப்பது நம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. ஆனால் 'ஒரு காஸ் குன்றைப் பொருத்து' என்று கட்டளையிட்டால், கணிப்பொறி பணிவோடு செய்து தரும். உச்சி ஆலையின் காலடியில். உயரம் சுமார் 25. அகலம் சுமார் 5.4 கி.மீ. வண்ணப் படம் அழகாக இருக்கும். ஆனால் காலடியில் உண்மையான அளவு 2 தான். 3 கி.மீ. தொலைவில், 50 மைக்ரோகிராம் தூசியைச் சுவாசிக்கும் ஊருக்கு அந்தக் குன்று கொடுக்கும் மதிப்பு 21.

இதன் விளைவைப் பாருங்கள். பத்து மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட தூசிக்கு, 2009 இல் மத்திய அரசு அறிவித்த தர அளவுப்படி ஆண்டுச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் பின்னணி 35 என்று கொண்டால், குன்றின் கணக்குப்படி அந்த ஊரின் காற்றில் 35 + 21 = 56. வரம்புக்குள் இருக்கிறது, கவலையில்லை. உண்மையிலோ 35 + 50 = 85. தாளில் தூய்மையான ஊர். அங்குள்ள குழந்தைகளின் நுரையீரலுக்குள் வேறு கதை.

இந்தத் தவற்றைக் காட்டிக் கொடுப்பது மீதிதான். காலடியில் மீதி −23. இரு பக்கமும் 3 கி.மீ. தொலைவில் +29 அளவு. ஓரங்களில் மறுபடியும் −11 அளவு. குன்று சரியாகப் பொருந்தியிருந்தால் மீதிகள் கூட்டலும் கழித்தலுமாக ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். இங்கே போல ஓர் ஒழுங்கோடு அணிவகுத்து நின்றால், 'நீ வைத்த வடிவம் தவறு' என்று இயற்கை சொல்கிறது என்று பொருள். லாரிகள் செல்லும் சாலையோரக் கருவிகளில் மட்டும் மீதி எப்போதும் கூட்டலாக இருந்தால், புகைபோக்கிக்குத் தொடர்பில்லாத இன்னொரு தூசி ஊற்று அங்கே இருக்கிறது என்று அறியலாம். மீதியைக் குப்பை என்று தள்ளிவிடுகிறவர் பாதிச் செய்தியைத் தள்ளிவிடுகிறார்.

அப்படியானால் இரண்டு குன்றுகளைப் பொருத்திவிடலாமே என்று கேட்பீர்கள். பொருத்தலாம். நிலப்பரப்பில் ஒரு குன்றுக்கு ஆறாக இரண்டுக்குப் பன்னிரண்டு, பின்னணி ஒன்று, ஆகப் பதின்மூன்று எண்கள் தேவை. பதின்மூன்றே இடங்களில் அளந்து பதின்மூன்று எண்களைத் தேடினால், பொருத்தம் கிடைக்கும்போது மீதியே இராது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தவறைக் காட்டிக் கொடுக்கும் சாட்சியை நாமே வாய் மூடச் செய்துவிட்டோம். பருவக்காற்று வாரியாக அளவீடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு குன்றைப் பொருத்துவது மேல். அப்போதும் தேவையான எண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு இடங்களிலாவது அளந்திருக்க வேண்டும்.

காஸ் குன்று காற்றின் போக்குக்குக் குறுக்கே வெட்டிய வெட்டுமுகத்துக்குத்தான் நன்கு பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது. காற்றின் போக்கில் நெடுக அளந்தால், முன்னே சொன்னபடி, ஒரு பக்கம் சட்டென்று ஏறி மறு பக்கம் நீண்டு இறங்கும் வடிவமே உண்மை. அதனால்தான் பொறியியலார் குறுக்கே மட்டும் காஸ் வடிவத்தைக் கொண்டு, நெடுக அதன் அகலம் எவ்வாறு வளர்கிறது என்பதைத் தனியே கணக்கிடுகிறார்கள். வெயில் காயும் நண்பகலில் காற்று கொதித்துக் கிளம்புவதால் அகலம் விரைவாக வளரும். காற்று அடங்கிய தெளிந்த இரவில் மெதுவாக வளரும். இவ்வேறுபாடுகளை ஆறு வகையாகப் பிரித்து 1961 இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் பாஸ்குவில்.

கருவியை எங்கே வைப்பது?

மென்பொருள் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அதன் பிழை எல்லையையும் தரும். 'அகலம் 1.0, பிழை 0.1' என்றால் நம்பலாம். 'அகலம் 1.0, பிழை 6' என்றால் அந்த 1.0 க்குப் பொருளே இல்லை. இத்தகைய விடை வருவதற்குப் பெரும்பாலும் கருவிகளின் இடத்தேர்வே காரணம். மின்வசதியும் போக்குவரத்தும் உள்ளதால் எல்லாக் கருவிகளையும் ஒரே நெடுஞ்சாலையோரம் வைத்துவிட்டால், சாலை நெடுக உள்ள அகலம் நன்றாகத் தெரியும். சாலைக்குக் குறுக்கே உள்ள அகலம் தெரியவே தெரியாது. எவ்வளவு உயர்ந்த கணிப்பொறியாலும் அளக்காத திசையை அறிய முடியாது. உச்சிக்கு அருகில் சில, சரிவில் சில, தூசி எட்டாத தொலைவில் பின்னணிக்கென இரண்டு மூன்று, அதுவும் எல்லாத் திசைகளிலும் என்று பரவலாக வைப்பதே முறை.

இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மக்களுக்குத் தாய்மொழியிலும் கிடைக்க வேண்டும். தூசி எங்கே எவ்வளவு இறங்கும் என்று இத்தகைய அறிக்கைகள் சொல்லும் கணிப்புகள், பெரும்பாலும் காஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளிலிருந்தே வருகின்றன. அறிவியல் படித்த இளைஞர்கள் அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படிக்க வேண்டும். கூட்டத்துக்கும் செல்ல வேண்டும்.

அதற்குப் பயிற்சியாகக் கேழ்வரகுச் சோதனையைச் செய்து, எண்ணிக்கைகளை ஓர் அட்டவணையில் இட்டு, ஒரு குன்றைப் பொருத்திப் பாருங்கள். பிறகு புனலை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இன்னொரு கைப்பிடியைக் கொட்டி, மறுபடியும் ஒரே குன்றைப் பொருத்துங்கள். மீதிகள் எப்படி அணிவகுக்கின்றன என்று கண்ணாரக் காண்பீர்கள். அதன்பின் யாரேனும் ஒரு வண்ணப் படத்தை விரித்து, 'தூசியின் உச்சி இங்கே. உங்கள் ஊருக்குக் கவலையில்லை' என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை இடங்களில் அளந்தீர்கள்? எந்தெந்த மாதங்களில் அளந்தீர்கள்? ஒவ்வோர் இடத்திலும் மீதி எவ்வளவு?